எஸ்கொலாஸ்டிகாவுக்குப் பலகையில் இடம்

சேவலின் பெயர் இருந்தது. என் அக்காவின் பெயர் இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தான் டென்சியோவைப் பற்றி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, ஐயோ பாவம், நல்ல மனுஷன் என்று நீங்கள் உருகிவிடக் கூடாது. நல்ல மனுஷன்தான். அதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

எங்கள் ஊர் லிப்பாவின் சந்தைக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே ஆள் ஏற்றி ஓடிக்கொண்டிருந்தது அவருடைய ஜீப்னி. உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப் ஒன்றை யாரோ நீட்டி, பின்னால் இரண்டு நீள பெஞ்சு போட்டுக் கட்டியது. கை மாறிக் கை மாறி அத்தானிடம் வந்தது. வந்தது என்று சும்மா சொல்கிறேன். என் அக்கா ஹாங்காங்கில் ஊரான் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊரான் தரையைத் துடைத்து அனுப்பிய காசில் வந்தது. வண்டி வாங்கியதும் அத்தான் முதல் வேலையாகப் பெயர் எழுதும் குலாஸைக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் ஜீப்னியின் நெற்றிப் பலகையில் பெயர் இல்லாவிட்டால் அது வண்டியே இல்லை.

அக்கா விடுமுறையில் வந்தபோது விமான நிலையத்திலிருந்து அவளை நேராக ஜீப்னி ஸ்டாண்டுக்குத்தான் கூட்டிப்போனேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பலகையைப் பார்த்தாள். நடுவில் சிவப்பு எழுத்தில் 'இசபெல்', அத்தானின் அம்மா. இடப்பக்கம் மகன் ஜோவித். வலப்பக்கம் மகள் ரோவீனா. அதற்குக் கீழே புனித செபஸ்தியார். மூலையில் அத்தானின் சண்டைச் சேவல், படத்தோடு, 'ஜெனரல்' என்று.

"என் பேரு எங்க?" என்று அக்கா கேட்டாள்.

அத்தான் தலையைச் சொறிந்தார். "உன் பேரு நீளம், டிக்கா. எஸ்கொலாஸ்டிகான்னா சும்மாவா? குலாஸ் அளந்து பாத்தான். பலகையில இடம் பத்தல."

"டிக்கான்னு எழுதியிருக்கலாமே. அது சின்னப் பேருதானே?"

"அது வீட்டுல கூப்பிடற பேரு. ரோட்டுல போறவனெல்லாம் என் பொண்டாட்டிய டிக்கான்னு கூப்பிடணுமா?"

"சேவலுக்கு மட்டும் இடம் இருந்துச்சாக்கும்?"

"அது... படத்தோட சேந்து வந்துடுச்சு."

ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன் சீட்டில் அவள் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். வீடு வரும் வரை அவள் பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு அந்தச் சேவல் எங்கள் வீட்டில் சாகவே இல்லை. நிஜச் சேவல் அடுத்த வருடமே சண்டையில் செத்து, முருங்கைக்கீரை போட்டுக் குழம்பாகிவிட்டது. ஆனால் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், அத்தான் காப்பி கேட்டால், "ஜெனரலைப் போட்டுத் தரச் சொல்லு" என்பாள் அக்கா. சட்டைக்குப் பித்தான் தைக்கச் சொன்னால், "பலகையில பேரு இருக்கறவங்க யாராச்சும் தைக்கட்டும்" என்பாள். அத்தான் மென்று முழுங்குவார். அடுத்த தடவை வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது கட்டாயம் எழுதிவிடுகிறேன் என்பார்.

அடுத்த தடவை வரவே இல்லை. ஒரு மழைக்காலத்தில் வண்டியின் பின் ஆக்சில் ஒடிந்தது. சரிசெய்யக் கையில் காசு இல்லை. அத்தான் வேறொருவரின் வேனை ஓட்டப் போனார். ஜீப்னி வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில் நின்றது. கோழிகள் பெஞ்சுக்கடியில் முட்டையிட்டன. பழுத்த பலாப்பழம் விழுந்து கூரை குழிந்தது. ஏரி நடுவிலிருக்கும் எரிமலை பொங்கிய ஒரு ஜனவரியில் சாம்பல் வந்து மூடி, மழையில் ஊறி, தகரத்தை அரித்துத் தின்றுவிட்டது. பலகையில் ஒரு பெயரும் மிஞ்சவில்லை. இசபெல்லும் போனாள், ஜெனரலும் போனான். அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திருப்தி என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள்.

அக்கா ஹாங்காங்கை விட்டு மொத்தமாக வந்தபோது அவள் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது. வாரத்துக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் மெஷினோடு கட்டிப்போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். தண்ணீர் குடிக்கக் கூடாது, இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. தாகம் தாங்காவிட்டால் ஒரு துண்டு ஐஸ் மட்டும் வாயில் போட்டுக்கொள்ளலாம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த உடம்பு அடுத்த கிறிஸ்துமஸைப் பார்ப்பது கஷ்டம் என்றார். நான் அதை அத்தானிடம் சொன்னேன். அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியவள், மரத்தடியில் நின்ற துருவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"டென்சியோ, அந்த வண்டிய எழுப்பிக் கொடேன்."

"எதுக்கு? அதுக்கு இனிமே ரூட் பெர்மிட்டே கிடைக்காது. பழைய வண்டியெல்லாம் கவர்மெண்டே ரோட்ட விட்டு எறக்கிக்கிட்டிருக்கு."

"ரூட் யாருக்கு வேணும்? என் பேரைப் போட்டு, முன் சீட்டுல என்னை உக்கார வச்சு, சந்தையச் சுத்தி ஒரு தடவை ஓட்டு. போதும். அதுக்கப்புறம் உன் சேவலப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்."

அத்தான் அப்போதே போய் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். மறுநாள் காலையிலேயே வேன் வேலையை விட்டுவிட்டு வந்து, ஸ்பானரை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு இருந்த பழைய கோபமெல்லாம் கரைந்துபோனது உண்மை.

இரும்பைப் பற்றவைக்கும் வெல்டர் பிட்யோங்கும் அவருமாக வண்டியைக் கழற்றினார்கள். கூரை போனது, பெஞ்சு போனது, கதவு போனது. தொட்ட இடமெல்லாம் அப்பளமாக உதிர்ந்தது. எஞ்சினைச் சங்கிலி போட்டு மரக்கிளையில் கட்டித் தூக்கினார்கள். கடைசியில் நான்கு கட்டைகளின் மேல் சேஸிஸ் மட்டும் மிஞ்சியது. நீளவாக்கில் இரண்டு இரும்பு, குறுக்கே ஐந்தாறு இரும்பு. அவ்வளவுதான். பிட்யோங் சின்னச் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தான். நல்ல இரும்பு கணீரென்றது. துரு தின்ற இடம் சொத்தென்றது. சொத்தென்ற இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டான்.

"எலும்பு கெட்டியா இருக்கு," என்றான் பிட்யோங். "தின்ன மீனாட்டம் தோலும் சதையும்தான் போயிருக்கு. மழைக்கு முன்னாடி முடிச்சிரலாம்."

அக்கா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மரநிழலில் உட்கார்ந்துவிட்டாள். மெஷின் இல்லாத நாளெல்லாம் அங்கேதான். அவள் வாய்க்குத்தான் தண்ணீர் தடை, பேச்சுக்கு இல்லை.

"பிட்யோங், அந்த வெல்டிங் என்ன கோழி எச்சம் மாதிரி இருக்கு?"

"அக்கா, கண்ணாடி போட்டுப் பாருங்க. இந்த மாதிரி வெல்டிங் மணிலாவுலயே கிடையாது."

"மணிலாவுல வெல்டிங் தெரிஞ்ச ஆள் இருக்கறதாலதான் உன்னை அங்க யாரும் கூப்பிடல."

நான் ஜீப்னி சீட்டு தைப்பவள். வேறு வேலை தெரியாது. முன் சீட்டு இரண்டுக்கும் அரக்கு நிற ரெக்சினில் மஞ்சள் ஓரம் வைத்து உறை தைத்தேன். அக்காவின் பக்கத்துக்கு மட்டும் பஞ்சு கூடுதல் வைத்தேன், அவளுக்கு எலும்பெல்லாம் வலிக்கும் என்று. சீட்டு ஒரு வாரத்தில் தயார். நெற்றிப் பலகையையும் அத்தான் புதிதாகத் தகரத்தில் வெட்டி, வெள்ளை பிரைமர் அடித்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். வெறும் பலகை.

"அதுல எழுதிடேன்," என்றாள் அக்கா. "வண்டி மெதுவா வரட்டும். பேரை இப்பவே எழுதிடு. நான் இங்க உக்காந்தே பாத்துக்கறேன்."

"அதெப்படி? சேஸிஸ் முதல்ல. அப்புறம் எஞ்சின். அப்புறம் பாடி. அப்புறம் பெயிண்ட். பேரு கடைசி. வண்டி இல்லாம பேரு மட்டும் எழுதி வெச்சா அது கல்லறைக் கல்லு மாதிரி இருக்கும்."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து தவறி வந்துவிட்டது. கீழே கிடந்த ஸ்பானரை எடுத்துத் துணியால் துடைக்கத் தொடங்கினார். அப்புறம் அக்காதான், "சரி, சரி. சேஸிஸே முடியட்டும்" என்றாள்.

சேஸிஸ் முடியவில்லை. மழைக்கு முன்னால் என்றான் பிட்யோங். மழை வந்தது. மழை போனது. வண்டி நான்கு கட்டைமேல் அப்படியே நின்றது. ஏதாவது ஒரு மூலையில் எப்போதும் தீப்பொறி பறந்துகொண்டுதான் இருந்தது. சக்கரம் மாட்டுவார்கள், அடுத்த வாரம் கழற்றியிருப்பார்கள். எஞ்சின் ஒருநாள் உறுமியது, அக்கா கைதட்டினாள். மறுநாள் அது மறுபடி கிளையில் தொங்கியது. கேட்டால், எங்கேயோ துரு, எங்கேயோ விரிசல் என்பார் அத்தான். பிட்யோங் திரும்பிக்கொண்டு சிகரெட் பற்றவைப்பான். பழைய இரும்பு அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன்.

இங்கே அத்தானின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் இசபெல் கிழவி படுத்த படுக்கையாகி, மூச்சு மட்டும் ஓடிக்கொண்டு வெகுநாள் கிடந்தாள். பாதிரியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போனார். அப்படியும் போகவில்லை. கடைசி மகன் கப்பலில் வேலை செய்தான், அவனுக்காகத்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று எல்லாரும் சொன்னார்கள். எங்கள் ஊரில் சாகக் கிடப்பவர்களைப் பற்றி அப்படித்தான் பேசுவோம். யாரையாவது, எதையாவது எதிர்பார்த்திருப்பவர் அது வரும்வரை போகமாட்டார். அப்படியே நடந்தது. மகன் வந்தான், கையைப் பிடித்தான், அம்மா என்றான். அவன் காலணியைக்கூடக் கழற்றவில்லை, அவள் போய்விட்டாள். அத்தான் அப்போது பக்கத்திலேயே நின்றிருந்தார். "அவன் இன்னும் ஒரு மாசம் கழிச்சு வந்திருக்கலாம்" என்று அவர் அன்று அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் போர்வையை மறந்துவிட்டது தெரிந்தது. அந்த அறையில் குளிர் எலும்பைக் குத்தும். அக்காவை மெஷினில் மாட்டிவிட்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பினேன். நல்ல மத்தியானம். பிட்யோங் சாப்பிடப் போயிருந்தான். போர்வையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், மரத்தடியில் அத்தான் மட்டும் குனிந்து எதையோ அறுத்துக்கொண்டிருந்தார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். போன வாரம் பற்றவைத்த குறுக்கு இரும்பு. மூட்டு வழவழவென்று, சிவப்பு பிரைமர்கூட மங்காத புதுசாக இருந்தது. அதைத்தான் அறுத்துக்கொண்டிருந்தார். துருவும் இல்லை, விரிசலும் இல்லை. எனக்கு இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் நல்ல தையலைப் பிரிப்பவரின் முதுகு எப்படி இருக்கும் என்று தெரியும்.

"அத்தான், அது நல்லாத்தானே இருக்கு?"

கையிலிருந்த அறுக்கும் மெஷினை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை.

"முடிஞ்சிடும் போல இருந்துச்சு, இல்யாங்."

"முடியறதுக்குத்தானே செய்யறீங்க?"

"முடிஞ்சுட்டா அவ எதுக்குக் காத்திருப்பா?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. கையிலிருந்த போர்வையை அவர்மேல் வீசி எறிந்தேன்.

"உங்க அம்மா மாதிரி நெனச்சீங்களா அவள? உங்க அம்மாவுக்குக் காத்திருக்க மகன் இருந்தான். இவளுக்கு நீங்க ஒரு தகரத்துல பேரு எழுதணும். அவ்வளவுதான் கேட்டா! ஊரெல்லாம் அலைஞ்சு உழைச்சவ வாழ்நாள்ல உங்ககிட்ட கேட்டது அது ஒண்ணுதான்!"

"டாக்டர் கிறிஸ்துமஸ் தாண்டாதுன்னாரு," என்றார் அத்தான். "தாண்டிடுச்சா இல்லையா? புனித வாரமும் தாண்டிடுச்சு. தினம் காலையில எழுந்ததும் என் பேரு எப்பன்னு கேக்கறா. கேக்கறதுக்காகவே எழுந்திருக்கறா. நான் எழுதிட்டா அடுத்த நாள் காலையில எதுக்கு எழுந்திருப்பா, சொல்லு?"

அதில் நியாயம் இருந்ததே எனக்கு இன்னும் கோபத்தைத்தான் மூட்டியது. போர்வையைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அன்று திரும்பி வரும் வழியில் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். என் வாய் என் பேச்சைக் கேட்டால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

அக்கா போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் முழங்காலைத் தட்டினாள்.

"தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"நான் அங்கேயேதானே உக்காந்திருக்கேன்? ஒரே எடத்த எத்தனை தடவை ஒட்டுவாங்க? பிட்யோங் என் முகத்தையே பாக்கறதில்ல. அவனுக்குப் பொய் சொல்ல வராது."

"அப்புறம் ஏன் தினம் கேக்கறே?"

"கேக்காம விட்டா அந்தாளு பயந்துடுவான். இவளுக்கு ஆசை விட்டுப்போச்சுன்னு நெனச்சுக்குவான். கேட்டாத்தான் நிம்மதியா அறுத்துக்கிட்டிருப்பான்."

"அப்ப உனக்கு அந்தப் பேரு வேணாமா?"

அவள் வெளியே பார்த்தாள். சாலையில் ஒரு ஜீப்னி எங்களைத் தாண்டிப் போனது. அதன் நெற்றியில் யாரோ ஒரு பெண்ணின் பெயர் பூப்போட்ட எழுத்தில் இருந்தது.

"வேணும்டி," என்றாள். "ரொம்ப வேணும்."

நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குலாஸை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். பெயிண்ட் டப்பா, பிரஷ் எல்லாவற்றோடும். அத்தான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான். பலகையை எடுத்து அக்காவின் நாற்காலிக்கு எதிரே வைத்தேன். குலாஸ் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான்.

"வேணாம் குலாஸ்," என்றாள் அக்கா. "காப்பி குடிச்சிட்டுப் போ."

"ஏன்க்கா?" என்று கத்தினேன்.

"நீ எழுத வெச்சா அது நீ எழுத வெச்சது. எனக்கு வேண்டியது அவன் எழுதறது."

குலாஸ் காப்பியைக் குடித்துவிட்டுப் போனான். நான் அன்று முழுக்க இருவரோடும் பேசவில்லை. இரண்டு பைத்தியங்கள் நடுவில் நான் ஒருத்திதான் தெளிவாக இருக்கிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அடுப்பில் வைத்த கஞ்சியை அடிப்பிடிக்க விட்டேன்.

அதன் பிறகு அவள் சீக்கிரமே ஒடுங்கிவிட்டாள். கால் வீங்கியது. நாற்காலிவரை நடக்க முடியாமல் அத்தான் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தார். என்றாலும் உட்கார்ந்ததும் முதல் கேள்வி அதுதான். குரல் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

கடைசி நாளும் அப்படித்தான். ஒரு டம்ளரில் ஐஸ் துண்டுகள் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"என் பேரு எப்ப, டென்சியோ?"

"சேஸிஸ் முடியட்டும், டிக்கா."

"முடியட்டும், முடியட்டும்" என்றாள். சிரித்தமாதிரிதான் இருந்தது. அவர் மெஷினை ஓடவிட்டு இரும்பில் வைத்தார். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. அவர் அதை நிறுத்தியபோது டம்ளர் அவள் மடியில் கவிழ்ந்து, பாவாடையெல்லாம் நனைந்திருந்தது. ஈரம் என்றால் முகம் சுளிப்பவள் அசையாமல் இருந்தாள்.

அத்தான் அழவில்லை. மெஷினைக் கையில் வைத்துக்கொண்டே, "முடியலையே, இன்னும் முடியலையே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ அவருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டதுபோல. அவரை அடிக்க வேண்டும்போலவும் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் எனக்கு இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அக்காவின் பாவாடையைத்தான் மாற்றினேன்.

மகன் ஜோவித் கத்தாரிலிருந்து வர வேண்டும் என்பதால் உடலைப் பெட்டியில் வைத்துக் கூடத்தில் கிடத்தினோம். வந்தவர்களுக்குக் காப்பியும் பிஸ்கோத்தும் கொடுத்தோம். முற்றத்தில் சீட்டாட்டம் நடந்தது. வீட்டைப் பெருக்காமல் விட்டோம், முருங்கைக்கீரையை வீட்டுக்குள் விடவில்லை, பெட்டியின் கண்ணாடியில் கண்ணீர் சிந்தக் கூடாது என்று ஒருவரை ஒருவர் இழுத்துப் பிடித்தோம். எங்கள் ஊர்ச் சாவு முறைகள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தோம். அத்தான் மட்டும் கூடத்துக்கு வரவே இல்லை.

அவரும் பிட்யோங்கும் மரத்தடியில் இருந்தார்கள். பிட்யோங் கண்ணாடி முகமூடிக்குள் அழுதுகொண்டே பற்றவைத்தான். ஆக்சில் ஏறியது. ஸ்பிரிங் பட்டைகள் ஏறின. சக்கரம், ஸ்டியரிங், பிரேக், எஞ்சின். ஒரு வருடமாக முடியாத சேஸிஸ், ஜோவித் வந்து இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக முடியக்கூடியதா இது! நான் சன்னலில் நின்று பார்த்துப் பல்லைக் கடித்தேன். அவள் உயிரோடு இருக்கும்போது முடித்திருந்தால் சந்தையைப் பத்துச் சுற்றுச் சுற்றியிருக்கலாம்.

அடக்கத்துக்கு முந்தின நாள் குலாஸ் வந்தான். அத்தான்தான் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். முற்றத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

"என்ன எழுதட்டும்? டிக்காவா?" என்று குலாஸ் கேட்டான்.

"முழுப் பேரு. வேற யார் பேரும் வேணாம்."

குலாஸ் பென்சிலால் கோடு போட்டு, சிவப்பில் எழுதி, மஞ்சளில் நிழல் கொடுத்தான். எஸ்கொலாஸ்டிகா. எழுதி முடித்து எழுந்தான். எழுத்துகள் நன்றாக அகலமாக, ஒன்றையொன்று இடிக்காமல் நின்றன. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் மிச்சம் இருந்தது.

பழைய பலகையும் இதே அளவுதான். அத்தான் அந்த மிச்ச இடத்தைப் பார்த்தார். கையை விரித்து இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார், அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் அவர் அழுதார். தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொள்ளாமல், சின்னப் பிள்ளையாக அழுதார். ரோவீனா போய் அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் கோயில் வாசலில் சவ வண்டிக்கு ஆள் அனுப்பவா என்று கேட்டார்கள். அத்தான் வேண்டாம் என்றுவிட்டார். சேஸிஸின் மேல் நான்கு பலகை போட்டுப் பெட்டியைக் கட்டியிருந்தார். கூரை இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை. இரண்டு இரும்புக் கம்பி நட்டு, ரேடியேட்டருக்கு மேலே நெற்றிப் பலகை. பலகைக்குப் பின்னால் நான் தைத்த இரண்டு அரக்குச் சீட்டு. இரும்பெல்லாம் சிவப்பு பிரைமரோடு பச்சை ரணமாக இருந்தது. பாதிரியார் பெட்டிமேல் புனித நீர் தெளித்தபோது, "சக்கரத்துக்கும் ரெண்டு சொட்டு, ஃபாதர். புது வண்டி" என்றான் பிட்யோங். அவர் தெளித்தார்.

அத்தான் ஏறி உட்கார்ந்து பக்கத்துச் சீட்டைக் காட்டினார்.

"உக்காரு, இல்யாங்."

"அது அவ சீட்டு."

"அதனாலதான் சொல்றேன். காலியா இருந்தா என்னால ஓட்ட முடியாது."

ஏறினேன். நான் அவளுக்காக வைத்த கூடுதல் பஞ்சு மெத்தென்று இருந்தது. அதில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது.

கல்லறைத் தோட்டம் கோயிலுக்குப் பின்னால்தான். ஆனால் அத்தான் வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பினார். ஊர்வலத்தில் வந்தவர்களும் வெயிலில் பின்னால் நடந்து வந்தார்கள். சந்தையைச் சுற்றி நடை வேகத்தில் ஓட்டினார். மீன்காரிகள் எழுந்து நின்றார்கள். ஸ்டாண்டில் டிரைவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அவர்களில் பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் பலகையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

முனையில் அவித்த சோளம் விற்கும் ஒரு பெண், ஊருக்குப் புதியவள் போலிருக்கிறது, கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டி வாசித்தாள். "எஸ்... கொலாஸ்... டிகா." பிறகு அத்தானைப் பார்த்து, "யாரு அண்ணே அது?" என்று கேட்டாள்.

அத்தான் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினார். பின்னால் ஊர்வலம் மொத்தமும் நின்றது.

"என் பொண்டாட்டி," என்றார். "இந்த வண்டி அவளோடது."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். அத்தான் கியரை மாற்றினார். கல்லறைக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தும் அவர் திரும்பவில்லை. சந்தையை இன்னொரு தரம் சுற்றினார். நானும் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை.